பொள்ளல் கல்

மனித குலம் இன்றுவரை கேட்ட பேய்ச் சத்தங்கள் அனைத்துக்கும் காரணத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். அடக்கத்தோடுதான் சொல்கிறேன். காரணம், கேட்டவர்களுக்கு வேறு வேலை இல்லை. இதைக் கல்லூரி இதழில் நான்கு பக்கத்துக்கு எழுதி நிரூபித்தேன். படித்துவிட்டு முதல்வர் சிரித்ததாக ஒரு வதந்தி உண்டு. பேயை நம்பினாலும் அதை நம்ப முடியாது.

கட்டுரை அச்சான பிறகுதான் அதற்கு உயிருள்ள உதாரணம் என் வீட்டிலேயே கிடைத்தது. அப்பா. அத்தை இறந்ததிலிருந்து, சமையலறையில் ஒரு மூடி உருண்டால் போதும், பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து போவார். வாசலில் நின்று உள்ளே பார்ப்பார். திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார்.

“யாராவது கூப்பிட்டாங்களா, இல்ல பாத்திரத்துக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்களா?” என்று கேட்டேன்.

அப்பா பேப்பரை எடுத்து மறுபடி விரித்துக்கொண்டார்.

அத்தை, அப்பாவின் அக்கா. அம்மா போனபோது எனக்கு மூன்று வயது. அப்போது ஒரு பெட்டியோடு வந்தவள், பதினேழு வருஷம் அந்தச் சமையலறையில் நின்றாள். என்னை ‘துரை’ என்றுதான் கூப்பிடுவாள். துரை உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வந்துவிடும் என்பதால் அந்தப் பட்டம்.

பாத்திரம் தேய்க்கும் தொட்டியடியில் தரை உள்வாங்கி எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். “வழுக்குதுப்பா, சரி பண்ணிடலாம்” என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா அடுத்த மாதம் என்பார். நான், “நீச்சல் குளம் வெச்ச வீடு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?” என்பேன். ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு வழுக்கி விழுந்தாள். தலையில் அடி. அப்பா ஆபீசில் இருந்தார். நான் என் அறையில் இருந்தேன்.

“விழுந்த உடனே போயிருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க” என்றார் டாக்டர். அப்பா அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு மாதத்தைத் தள்ளினார்.

“சத்தம் ஒண்ணும் கேக்கலியாடா?” என்று என்னைக் கேட்டார்.

“காதுல பாட்டு மாட்டியிருந்தேன்பா” என்றேன்.

அந்த ஏழு மாதத்துக்குப் பிறகுதான் தரையைச் சரிசெய்ய ஆள் வந்தது.

மேஸ்திரி ஒல்லியான மனிதர். ஒரு சாக்குப் பையில் மொத்தத் தொழிலும் இருந்தது. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயைச் சுவருக்குச் சுவர் பிடித்து மட்டம் பார்த்தார். “இது தரையா தம்பி? ரெண்டு மீன் விடலாம் போல இருக்கு” என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

முதல் நாள் பழைய தரையைக் கொத்தி எடுத்து, நூல் கட்டி, கலவை போட்டு, சமையலறை வாசல்வரை ஒரே மட்டமாக இழுத்தார். தேய்த்த இடம் கண்ணாடிபோல் இருந்தது. வாசலில் ஒரு பலகையைச் சாத்தினார். “காலைவரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது.”

யாரும் போகவில்லை. மறுநாள் பலகையை எடுத்தபோது, தொட்டிக்கும் வாசலுக்கும் நடுவில், இறுகிப்போன கலவையில் ஒரு கை பதிந்திருந்தது.

விரல்கள் வாசலைப் பார்த்து நீண்டிருந்தன.

“யாரு தம்பி கை வெச்சது?”

“பூனையா இருக்கும்.”

“அஞ்சு விரல் பூனையா?”

“படிச்ச பூனை.”

அவர் சிரிக்கவில்லை. பதிந்த கையில் சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய விரல் அது. அந்த விரலால்தான் அத்தை எனக்குப் பாலில் சூடு பார்ப்பாள். பூனை ஜோக்கை நான் சொன்னது அதைப் பார்த்துக்கொண்டேதான்.

மேஸ்திரி பள்ளத்தை அடைத்துவிட்டு டைல்ஸ் ஒட்ட ஆரம்பித்தார். பின்சுவரில் தொடங்கி, குந்தியபடியே வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்து வந்தார். சாயங்காலம், ஒட்டிய கற்களை, கலவை பூசும் கரணையின் காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டினார். அடியில் கலவை நிறைந்திருந்தால் கல் கிண்ணென்று சொல்லும். உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் மாறும். அதைப் பொள்ளல் என்றார்.

கிண். கிண். கிண்.

டொப்.

“பொள்ளல்” என்றார், தன்னையே திட்டுவதுபோல. கரணையை நெம்பிக் கல்லைத் தூக்கினார்.

அடியில் கை இருந்தது.

காலையில் இருந்த இடத்தில் இல்லை. ஒரு கல் தூரம் வாசல் பக்கமாக வந்திருந்தது. ஈரச் சிமெண்ட் வாடைக்குள்ளிருந்து பாத்திரம் தேய்க்கும் சோப்பும் நனைந்த கரித்துணியும் கலந்த வாடை எழுந்தது. ஏழு மாதமாக அந்த வீட்டில் இல்லாத வாடை.

கலவையை நிரப்பி, கல்லைப் பதித்து, ரப்பர் சுத்தியால் நாலு மூலையும் தட்டினார். கிண் என்றது. பக்கத்துக் கல்லைத் தட்டினார். வாசலுக்கு இன்னும் நெருக்கமான கல்.

டொப்.

மூன்றாம் நாள் மதியம்வரை இதேதான் நடந்தது. ஒரு கல் உறுதியானால் அடுத்த கல் பொள்ளலாகும். கடைசியில் வாசலை ஒட்டிய வரிசைக்கு வந்துவிட்டோம். மேஸ்திரி அந்தக் கல்லையும் தூக்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, இது சும்மா வெச்ச கை இல்ல. ஊன்றின கை. பாரு, உள்ளங்கை அடிப்பக்கம் எவ்ளோ ஆழமா இருக்கு. எந்திரிக்கப் பாத்திருக்காங்க. முடியல. கொஞ்சம் நகந்து, மறுபடி ஊன்றியிருக்காங்க.”

“விழுந்த உடனே போயிட்டாங்க.”

“யாரு சொன்னா?”

நான் வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக அதற்குள் ஜோக் எதுவும் இல்லை.

என் காதில் பாட்டு எதுவும் மாட்டியிருக்கவில்லை. என் அறைக்கதவு திறந்துதான் இருந்தது. மேஜையில் அந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தேன். ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பாத்திரம் என்று நினைத்தேன். பிறகு அத்தை, “துரை, கொஞ்சம் வா” என்றாள். “வரேன் அத்தை” என்றேன். ஒரு வாக்கியம் நன்றாக வந்துகொண்டிருந்தது. இரண்டாவது முறை, குரல் தரையிலிருந்து வந்ததுபோல் இருந்தது. “வரேன், வரேன்” என்றேன். மூன்றாவது முறை ‘துரை’ மட்டும்தான் வந்தது. “அதான் வரேன்னு சொல்றேன்ல!” என்று கத்தினேன்.

பிறகு கூப்பிடவில்லை. தொந்தரவு விட்டது என்று கட்டுரையை முடித்தேன். நாற்பது நிமிஷம். தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் பார்த்தேன். அவள் தொட்டியடியில் இல்லை. வாசலில் கிடந்தாள். கை மட்டும் ஹாலுக்குள் நீண்டிருந்தது. விழுந்ததே அங்கேதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், நான் திருத்தவில்லை.

அந்தக் கட்டுரைக்குப் பரிசு கொடுத்தார்கள். மேடையேறி வாங்கிக்கொண்டேன்.

இதில் ஒரு வரியைக்கூட மேஸ்திரியிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஐந்தரைக்கு அப்பா வந்தார். பெயர்ந்து கிடந்த கல்லைப் பார்த்ததும் முகம் மாறியது.

“என்ன மேஸ்திரி இது? ஒரு வரிசை ஒட்ட மூணு நாளா? தொழில் தெரியுமா தெரியாதா?”

“என் கைதான் சரியில்ல சார்” என்றார் மேஸ்திரி. “சரி பண்ணிடறேன்.”

சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு ஓரப்பார்வை பார்த்திருந்தால் அவர் மீது கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவர் தலையைக் குனிந்து கலவையைப் பிசைந்துகொண்டிருந்தார். என் காது மடல் எரிந்தது.

“அப்பா, அத்தை கூப்பிட்டாங்க.”

அப்பா சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பி இரண்டு எட்டு வைத்துவிட்டார்.

“இப்ப இல்லப்பா” என்றேன். “அன்னிக்கு.”

அவர் நின்றார்.

“எத்தனை தடவை?”

“மூணு.”

“உனக்குக் கேட்டுச்சா?”

“வரேன்னு சொன்னேன்.”

“எத்தனை தடவை?”

“மூணு தடவையும்.”

மேஸ்திரியின் கரணை நின்றுவிட்டது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அவர் என்னை அடித்திருக்கலாம்.

“அக்கா யாரையும் ரெண்டாவது தடவை கூப்பிட மாட்டா” என்றார். “சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்.”



மேஸ்திரி கலவையை நிரப்பிக் கல்லை வாசலோடு சேர்த்துப் பதித்தார். தட்டினார். கிண். பின்சுவர்வரை போய் எல்லாவற்றையும் தட்டிக்கொண்டு வந்தார். ஒன்றுகூடப் பொள்ளல் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் அப்பா என்னிடம் பேசாமல் ஆபீஸ் போனார். வீட்டில் நான் மட்டும். அறையில் மேஜைமுன் உட்கார்ந்திருந்தேன். வெளியே வெயில். ஃபேன் சத்தம். மணி மூன்று.

டொப்.

சமையலறையிலிருந்து இல்லை. ஹாலிலிருந்து.

ஹால் தரையை யாரும் தொடவில்லை. வீடு கட்டியபோது போட்ட மொசைக் அது.

டொப்.

இந்த முறை இன்னும் கிட்டத்தில் கேட்டது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதன் சத்தம் கேட்கவில்லை. அந்தச் சோப்பு வாடை என் அறைக்குள் வந்தது.

டொப்.

என் அறைவாசலில்.

எந்தக் குரலும் இல்லை. ‘வரேன்’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினேன். பேனாவை மூடினேன். எழுந்தேன்.

அறைவாசலில் யாரும் இல்லை. ஹாலைக் கடந்தேன். சமையலறையில் புதுத் தரை மட்டமாக, காய்ந்து, வெளிச்சத்தில் பளபளத்தது. வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். திரும்பிப் போக முடியவில்லை. அவள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வந்துட்டேன் அத்தை.”

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, என் இடது தோளில் ஒரு பாரம் இறங்கியது. விழுந்தவர்கள் எழுந்திருக்கப் பக்கத்திலிருப்பவர் தோளைப் பற்றுவார்களே, அப்படி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தாங்கினேன். காதருகே மூச்சு வாங்கியது. பாரம் ஏறியது, இன்னும் ஏறியது, பிறகு மெல்லக் குறைந்தது.

எழுந்துவிட்டாள்.

தோளைப் பிடித்த கை மட்டும் இன்னும் விடவில்லை.