இருபது ஓம்

"இந்தச் சிட்டத்தைத் தொட்டுப் பாருங்க மேடம். பட்டா இது? கோணி மாதிரி கீது!"

சேவூரிலிருந்து வந்த சாயத்தொழிலாளி தனகோடி, சிவப்பு நூற்கற்றையைத் துப்பறிவாளர் பரிமளாவின் மேசைமீது வைத்தார். பட்டு தன் மினுமினுப்பை முற்றிலும் இழந்திருந்தது.

"சாயத் தவலை கொதிச்சிப் போச்சு. நான் தூங்கிகினு இருந்தேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லி, முதலாளி வேலைய விட்டு நிறுத்திட்டாரு. இனிமே ஆரணியில எவன் என்னை நம்பிப் பட்டு குடுப்பான்?"

"எவ்ளோ நேரம் சூடு பண்ணீங்க?"

"எப்பவும் போல கரண்ட் அடுப்புல அரை மணி. அதுல கொதி வராது."

உதவியாளர் கோகுல்ராஜ் துள்ளி எழுந்தார். "வோல்டேஜ் எகிறியிருக்கும் மேடம்!"

"அதை மீட்டர் சொல்லட்டும், உட்காருப்பா" என்றார் பரிமளா.

தனகோடியோடு அவர்கள் போய்ச் சேர்ந்த சாயப்பட்டறையில் முதலாளி சிவப்பிரகாசமும் அவருடைய மைத்துனர் சுதாகரும் காத்திருந்தனர். விரல்களில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தறியிலுள்ள பழைய பாவின் நெடுக்கு இழைகளோடு புதிய பாவின் இழைகளை முறுக்கிப் பிணைப்பது சுதாகரின் தொழில்.

"அந்த அடுப்புப் பக்கமே நான் போறதில்லீங்க. அது தனகோடி அக்கா ராஜ்ஜியம்" என்றார் அவர்.

மின்னடுப்பின் மேல் '230 வோல்ட், 2000 வாட்' என்று பொறிக்கப்பட்டிருந்தது. பரிமளா அதை இயக்கி அளந்தார். மின்னழுத்தம் சரியாக 230 வோல்ட். மின்னோட்டமோ 11.5 ஆம்பியர்.

"இரண்டையும் பெருக்கு, கோகுல்."

"2,645 வாட்! அடேங்கப்பா, மூணுல ஒரு பங்கு கூட!"

"அதான் அரை மணிக்குள்ள கொதிச்சிடுச்சு. வோல்டேஜ் மாறல, கரண்ட் ஏறியிருக்கு. அப்போ குறைஞ்சது எது?"

"தடை!"

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுக்க மின்தடை கிடைக்கும். 230-ஐ 11.5-ஆல் வகுத்தபோது இருபது ஓம் வந்தது. பொறிக்கப்பட்ட அளவின்படி ஏறக்குறைய இருபத்தாறரை ஓம் இருந்திருக்க வேண்டும்.

"அடுப்புக் கம்பி குட்டையானா தடை குறையும். கம்பி தானா குட்டையாகாது. அறுந்த துண்டை எறிஞ்சிட்டு, மீதியை யாரோ சேர்த்திருக்காங்க" என்றார் பரிமளா.

இணைப்பைத் துண்டித்து, அடுப்பு ஆறியபின் கம்பிச்சுருளை உயர்த்திக் காட்டினார். நடுவே மிக நேர்த்தியான ஒரு முறுக்கு. அதைச் சுற்றிச் சாம்பல்.

"விறகடுப்புல சாம்பல் இருக்கும். கரண்ட் அடுப்புல ஏதுங்க சாம்பல்?" என்று கேட்டார் பரிமளா.

அனைவரின் பார்வையும் சுதாகரின் விரல்களில் நிலைத்தது.

"டீ போட்டேன் மாமா, கம்பி அறுந்துச்சு" என்று அவர் முனகினார். "பாவுல ஒரு முழம் போனா ஒண்ணும் ஆவாது, இதுக்கு மட்டும் இன்னா ஆவப்போவுதுன்னு பிணைச்சிட்டேன். அப்புறம் சொல்லப் பயம்."

சிவப்பிரகாசம் தலைகுனிந்தார். "தனகோடி, நாளைக்கே வேலைக்கு வாம்மா."

"வரேன். ஆனா நான் தூங்கினேன்னு எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க? தூங்கலன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

தறிகள் நின்றன. நெசவாளர் அனைவரும் கூடிய முற்றத்தில் முதலாளி உரக்கச் சொன்னார்: "தப்பு தனகோடி மேல இல்ல!"

மறுநாள் புதிய கம்பிச்சுருள் மாட்டப்பட்டது. மீட்டர் 8.7 ஆம்பியர் காட்டியது. அரை மணி கழித்துத் தனகோடி தூக்கிய பட்டு, குங்குமமாய் மின்னியது.

"சுதாகரு, ஜல்தியா வந்து தொட்டுப் பாரு" என்று அவர் குரல் கொடுத்தார். "கையைக் கழுவிகினு வா!"