லட்சம் செவிகள்

மாலை ஐந்து மணிக்கு மைக்கைத் திறந்ததும் மாசிலாமணி சார் முதலில் பார்ப்பது செவிமானியைத்தான். இந்த நிமிடம் எத்தனை பேர் நம் வானொலியைக் கேட்கிறார்கள் என்று அது காட்டும். பார்த்துவிட்டு முகம் சுளிப்பார். சுளித்த முகத்தோடே, தேன் ஒழுகும் குரலில், "வணக்கம் நேயர்களே" என்பார். குரலுக்கும் முகத்துக்கும் சம்பந்தமில்லாத தொழில் இது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் தயாரிப்பாளராக உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தச் சுளிப்பு பழகிப்போய்விட்டது.

ஒரு காலத்தில் புதுநாகையில் அவர் குரல் கேட்காத டீக்கடை இல்லை. இப்போது மிஞ்சியிருப்பது சில நூறு பேர். அவர்களில் முக்கால்வாசி, கடல்சுவரை ஒட்டிய பள்ளத்தில் இருக்கும் சுவரடிக் குப்பத்துக்காரர்கள். டிவித் திரை வாங்க வசதியில்லாதவர்கள். லூர்து அக்கா என்று ஒருவர் தினமும் நிகழ்ச்சிக்கு அழைப்பார். கப்பலில் வேலை பார்க்கும் மகன் அந்தோணிக்காக ஒரு பாட்டுக் கேட்பார்.

ஊரின் மற்ற எல்லோரும் அதே ஐந்து மணிக்குத் தொலைக்காட்சியில் நிவேதனைப் பார்த்தார்கள். அந்தப் பெயரை எங்கள் நிலையத்தில் யாரும் உச்சரிக்கக் கூடாது. கேண்டீன் பையன் தெரியாமல் ஒருநாள் சொல்லிவிட்டு, ஒரு வாரம் முழுக்க, காபி ஆறிப்போயிருக்கிறது என்று சாரிடம் திட்டு வாங்கினான்.

அந்த நிவேதன்தான் அன்று நாலே முக்காலுக்கு எங்கள் வாசலில் நின்றார். எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒல்லியாக, தலை பாதி நரைத்து, வியர்த்துப்போய் இருந்தார்.

"உங்க வாட்ச்மேன் உள்ள விடமாட்டேங்கறாருங்க. அவர் வீட்டுத் திரையில நான் வேற மாதிரி இருக்கேனாம்" என்றார்.

நான் அவரை உள்ளே அழைத்து வந்தபோது சார் நாற்காலியை விட்டு எழவில்லை. "என்ன, வழி தவறிட்டீங்களா?"

"கடல்சுவர்ல வடக்கு மதகு விரிசல் விட்டிருக்கு சார். சாயந்தரம் கடல் ஓதம் ஏறினா தாங்காது. சுவரடிக்காரங்க ஆறு மணிக்குள்ள மேட்டுக்கு ஏறணும்னு மத்தியானச் செய்தியில படிச்சேன். தொண்டை வறளக் கத்தினேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தா, என் பொண்டாட்டி பார்க்கிற திரையில நான் சிரிச்சுக்கிட்டே, 'இன்னிக்குக் கடற்கரையில நல்ல காத்து'ங்கறேன்."

இது லட்சச் சட்டத்தின் வேலை. முன்பொருமுறை ஒரு புரளியைக் கேட்டு ஜனங்கள் பாலத்தில் முண்டியடித்து, நிறையப் பேர் செத்துப்போனார்கள். அதன்பின் வந்த சட்டம் இது. ஒரு லட்சம் பேரைத் தாண்டும் எந்த நிகழ்ச்சியும் 'இதமி' என்ற இயந்திர மூளை வழியாகத்தான் போகவேண்டும். பேசுகிறவர் என்ன பேசினாலும், அவரவர் மனம் கலங்காதபடி, அவரவருக்குப் பிடித்த முகத்தில், பிடித்த வார்த்தையில் அது மாற்றிக் கொடுத்துவிடும். அபாயச் சங்கைக்கூட அந்தச் சட்டம்தான் கழற்றியது. எங்களுக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை. சட்டம் வந்தபோதே நாங்கள் லட்சத்துக்கு வெகு கீழே போய்விட்டோம்.

"சுவரடியில உங்களைத்தான் கேக்கறாங்க. உங்களுக்குக் கேக்கற செவி கம்மி. அதனால நீங்க சொல்றது சொன்னபடியே போகும். தயவுசெஞ்சு என் பேரை எடுக்காதீங்க, சட்டுனு விஷயத்தை மட்டும் சொல்லிடுங்க" என்றார் நிவேதன்.

'கம்மி' என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சாரின் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

ஐந்து மணி. மைக் திறந்தது.

"வணக்கம் நேயர்களே! இன்னிக்கு என் முன்னால கைகட்டி நிக்கறது யார் தெரியுமா? உங்க வீட்டுத் திரையில தினமும் சிரிக்கிறாரே, அந்த நிவேதன்! ஒரு உதவி கேட்டு என்னைத் தேடி வந்திருக்கார். என்ன உதவி? சொல்றேன், சொல்றேன். அக்கம்பக்கத்துல எல்லாரையும் ரேடியோ பக்கம் கூப்பிடுங்க!"

செவிமானி ஆயிரத்தைத் தாண்டியது. பத்தாயிரம். செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. நான் பேச்சுப் பொத்தானை அழுத்தி, "சார், முதல்ல விஷயத்தைச் சொல்லுங்க" என்றேன்.

"கூட்டம் சேரட்டும் திலகா. நெறைய பேர் கேட்டா நெறைய பேர் பிழைப்பாங்கல்ல?" என்றார் மைக்கை மூடிக்கொண்டு. அந்த நேரத்தில் அதை அவர் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் கண் என்மேல் இல்லை, எண்ணின்மேல் இருந்தது. கொதிக்கிற பாலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நிவேதன் நிஜமாகவே கைகூப்பிவிட்டார்.

ஐம்பதாயிரம். தொண்ணூறு. லட்சம்.

மேசைமேல் இதுவரை ஒருநாளும் எரியாத, இதமியின் பச்சை விளக்கு எரிந்தது. எத்தனை அழகான பச்சை! சார் அதைக் கவனிக்கவே இல்லை. எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, "சுவரடி மக்களே! மதகு உடையப் போகுது! எல்லாத்தையும் போட்டுட்டு மேட்டுக்கு ஓடுங்க!" என்று கத்தினார். அவருடைய வாழ்நாளில் அத்தனை உண்மையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

உடனே நேயர் அழைப்பு வந்தது. லூர்து அக்கா.

"அண்ணே, எம்புட்டு இதமா சொன்னிய! காலையிலேருந்து சுவத்துல ஏதோ சத்தம் கேக்குது, பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்க கதவைச் சாத்திட்டு நிம்மதியா இருன்னு சொன்ன பொறவுதான் உசுரு வந்துச்சு."

"அக்கா, ஓடுங்க! ஓடுங்கக்கா!"

"ஆமாண்ணே, அதே பாட்டுதான். அந்தோணிக்கு."

நேயர் அழைப்பும் நிகழ்ச்சியில் சேர்த்தி. சாரின் உதட்டிலிருந்து அக்காவின் காதுக்குப் போகும் வழியில் இதமி உட்கார்ந்திருந்தது.

என் ஸ்கூட்டரில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். சுவரடியில் தெருவே காலி. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எல்லா ஜன்னலிலிருந்தும் மாசிலாமணி சாரின் குரல் வந்துகொண்டிருந்தது. லட்சம் பேர் கேட்கும்போது மௌனமும் கலக்கம்தான். அதனால் அவர் எழுந்து வந்த இடத்தை இதமி நிரப்பிவிட்டது. அவரைவிட நன்றாகவே பேசியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லூர்து அக்கா கதவைத் திறந்தார். எங்கள் கால் அதற்குள் நனைந்திருந்தது.

"அக்கா, நான்தான் மாசிலாமணி. வாங்க, கெளம்புங்க."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பதினைந்து வருடம் கேட்ட குரல். ஒருநாளும் பார்க்காத முகம். "அண்ணன் உள்ளாற பேசிக்கிட்டுல்ல இருக்காரு? நீ நல்லாத்தான் கொரல் எடுக்குறே. மிமிக்ரியா?"

நிவேதன் முன்னால் வந்தார். "அக்கா, நான் நிவேதன். டிவியில வருவேனே."

"போய்யா! பக்கத்து வூட்டுல பாத்துருக்கேன். அவரு எங்க அந்தோணி சாடையில, கறுப்பா, மீசையோட இருப்பாரு." அக்கா சிரித்தார். "மூணு பேரும் சேந்து யாரைப் பயங்காட்டுறிய? அண்ணன் கதவைச் சாத்தச் சொல்லிருக்காரு" என்று சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. ரேடியோவின் சத்தம் கூடியது.

சார் தோளால் கதவை இடித்துக்கொண்டே இருந்தார். உள்ளேயிருந்து அவர் குரலே, வெளியில் சத்தம் கேட்டால் பொருட்படுத்த வேண்டாம், காற்றுதான் என்று சொன்னது. தெரு முனையில் மதகு உடைகிற சத்தம் கேட்டதும், நானும் நிவேதனும் அவரை ஆளுக்கொரு கையாகப் பிடித்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினோம்.

அதன்பின் அவர் மைக்குக்கு வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை. செவிமானி லட்சத்துக்குக் கீழே இறங்கவே இல்லை, குரல் தினமும் ஐந்து மணிக்குத் தானே வந்துவிடுகிறது. சார் நிலையத்தில் நேயர்கள் வந்தால் உட்காரும் அறையில் உட்கார்ந்து அதைக் கேட்கிறார். வெள்ளத்தில் செத்தவர் பெயரை விட்டுவிட்டால் யாராவது கலங்குவார்களாம். அதனால் ஐந்து மணி நிகழ்ச்சியில் முதல் பாட்டு இன்னமும் அந்தோணிக்குத்தான். கேட்டவர் சுவரடிக் குப்பத்து லூர்து அக்கா. அவர் நலமாக இருக்கிறார் என்று மாசிலாமணி சாரின் குரல் தினமும் சொல்கிறது.