பாதி நீண்ட கை

"ஊசின்னா பயமா சார்?"

"ஊசிக்கு இல்லைங்க… உங்க கண்ணைப் பார்த்தாதான்."

"அப்ப மூடிக்கங்க. எனக்கு உங்க நரம்பு தெரிஞ்சா போதும்."

முதல் சந்திப்பில் பேசியது அவ்வளவுதான். பரிசோதனைக்கூடத்தின் பின்னறையில் ரத்தக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த அவளுக்கு, மழைச் சத்தத்தின் நடுவே அதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது.

அவன் பஸ் டிரைவர். வருடாந்தரப் பரிசோதனைக்கு வந்தவன். அவன் குரலைக் கேட்டதுமே வரவேற்பு அக்கா 'ஹாரன்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

அன்று, அவன் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்ததும், அடுத்து ஒரு அம்மா வந்து உட்கார்ந்தாள். இவளை நிமிர்ந்து பார்த்தவள், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நீ… அவங்கள்ல ஒருத்திதானே? வேற பொண்ணு யாரும் இல்லையா?"

திருநங்கையான அவளுக்கு இது புதிதா என்ன? "ஒரு நொடிதாம்மா… வலிச்சா நல்லாத் திட்டிட்டுப் போங்க" என்று சிரித்தாள். எத்தனையோ பேரை இளக்கிய சிரிப்பு அது. அந்த அம்மாவின் கையும் பாதி நீண்டுவிட்டது…

அதற்குள் ஹாரன் அலறியது.

"என்னம்மா பேச்சு இது? அவங்க மனுஷி இல்லையா? மன்னிப்புக் கேளுங்க!"

கூடமே திரும்பிப் பார்த்தது. அம்மா அவமானத்தில் அழுதாள். போகிற போக்கில் புகாரும் கொடுத்தாள். "கொஞ்ச நாளைக்குத்தாம்மா… உன் நல்லதுக்குத்தான்" என்று மேனேஜர் இவளைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டார். ஜன்னல்கூட இல்லாத அறை. ஊசி பிடித்த விரல்களில் இப்போது பசைதான் பிசுபிசுத்தது.

விஷயம் தெரிந்து அவன் வந்தான். பார்க்க மறுத்தாள். மறுபடியும் வந்தான்… மறுபடியும் மறுத்தாள். மறுத்துவிட்டு, அவன் போய்விட்டானா என்று காதைத் தீட்டிக்கொண்டும் இருந்தாள். இந்த மனசை என்ன செய்வது?

"அடியே, உன் ஹாரன் வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்குது. சத்தத்தையே காணோம். ரிப்பேர் போல!" என்றாள் அக்கா.

வேலை முடிந்து வெளியே வந்தாள். அவன் இமைகளில் மழைத்துளிகள். கீழே, தூங்காத கண்கள்.

"நான் மேனேஜரைப் பார்த்துப் பேசறேங்க. ரெண்டுல ஒண்ணு கேட்டுடறேன்…"

"மறுபடியும் நீங்களா? அந்தம்மா கையை நீட்டிட்டாங்க, தெரியுமா? நான் ஜெயிச்சிருப்பேன். உங்க நியாயத்துல என் நாற்காலி போச்சு!"

அந்தப் பெரிய குரல் மிகச் சின்னதாக வந்தது.

"அப்ப… நான் என்னதாங்க பண்ணணும்?"

அவளுக்குக் கண் கலங்கியது. பெற்றவர்களும் சரி, மேனேஜரும் சரி, அவள் நல்லதை அவர்களே முடிவு செய்தார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. வீட்டுக் கதவு சாத்தப்பட்ட நாளிலிருந்து நெஞ்சிலேயே கிடந்த சொற்கள் தொண்டைக்கு ஏறின.

"நாளைக்கு மேனேஜர்கிட்ட என் நாற்காலியை நானே திருப்பிக் கேக்கப் போறேன். கிடைக்காமலும் போகலாம். நீங்க வாயே திறக்கக் கூடாது."

"சரிங்க."

"உங்களைப் பிடிச்சிருக்கு. அதான் இவ்வளவு கோபம்…" மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னவள், மெல்ல அவன் பக்கம் திரும்பினாள்.

"என்கூட இருங்க."