நிழலுக்குப் பழகியவை

கூடத்துக் கண்ணாடித் தொட்டிக்குள் அக்கா உயிரோடு வளர்த்த பவளங்கள் எல்லாம் விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோபாவைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த சின்னவளின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். ஜன்னலோரம் வைத்த செடி ஜன்னலைப் பார்த்துச் சாயும்; அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவையோ தலைக்கு மேலே நீல விளக்கு எரிந்துகொண்டிருக்க, ஒன்று பாக்கியில்லாமல் பக்கவாட்டில் கழுத்தை நீட்டி, கண்ணாடிக்கு வெளியே ஆளில்லாத சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னக்கா, எல்லாம் ஒரே பக்கமாத் திரும்பியிருக்கு? டிவி பாக்குதா?"

"உங்க அத்தான் அங்கதான உக்காருவார்" என்றாள் பெரியவள். சிரிக்கவில்லை.

சின்னவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். நாள் முழுக்க வெயிலைக் கண்ணில் வாங்கிக்கொண்டு, பின்னால் உட்கார்ந்து அட்டகாசம் செய்யும் பிள்ளைகளை அதட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே காலத்தைத் தள்ளுகிற ஆள். கொஞ்ச நாளாக அக்கா போனை எடுக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்து, முடிந்தால் கையோடு கூட்டிவந்துவிடலாம் என்று கிளம்பியிருந்தாள். தன் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு நின்ற மகளுக்கு, வாண்டு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவோடு வந்துவிடுவதாகத் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துகொடுத்த பிறகுதான் வழி கிடைத்தது.

அக்கா வீடு அவளுக்குத் தெரிந்த வீடுதான். ஆனால் ஜன்னல்களில் எல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. வெயில் பட்டால் தொட்டியில் பாசி பிடிக்குமாம். கூடத்தின் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு அந்தத் தொட்டி நின்றது. உப்பும் ஈரக்கல்லும் கலந்த வாசனை, அதற்கு அடியில் இறாலைச் சுத்தம் செய்த பாத்திரத்தின் வாடை, எல்லாம் சேர்ந்து தலையணை உறை வரைக்கும் ஏறியிருந்தது. தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரின் உறுமல் காதில் கேட்டதைவிட உள்ளங்காலில்தான் அதிகம் கேட்டது.

அத்தான் வெளியூர் போயிருப்பதாக அக்கா சொன்னாள். அவருடைய ஷூ வாசலில் இருந்தது. மூக்குக் கண்ணாடி தொட்டியின் மூடிமேல் இருந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்பது மனைவியா மச்சினியா என்றே தெரியாத மனிதர்.

"ஷூவும் கண்ணாடியும் வேற ஒரு ஜோடி வச்சிருக்கார்" என்றாள் பெரியவள், கேட்பதற்கு முன்பே.

சாயங்காலம் அவள் விளக்கின் திருகைத் துளியூண்டு குறைத்தாள். நீலம் இன்னும் ஒரு படி கறுத்தது.

"ஏங்க்கா, வெளிச்சம் இல்லாட்டி செத்துடாதா?"

"எல்லாரும் அப்படி நெனச்சுத்தான் பளீர்னு லைட்டைப் போட்டுக் கொன்னுடறாங்க. இதுக்கெல்லாம் அவ்வளவு வெளிச்சமே வேணாம். ஒரேயடியாக் குறைச்சாத்தான் வாடிப்போகும். நோகாம, கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சா, குறைச்சதே அதுக்குத் தெரியாது. அப்புறம் வெளிச்சம்தான் அதுக்கு ஆகாது."

"அப்ப வயித்துக்கு?"

"பசி எடுக்கும். நாமதான் ஊட்டணும்."

ஊட்டுவதையும் காட்டினாள். முதலில் மோட்டாரை நிறுத்தினாள், இரை அடித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக. உறுமல் நின்றதும் வீடு மூச்சை நிறுத்தியது போலிருந்தது. இறால் ஊறிய தண்ணீரில் ஒரே ஒரு சொட்டைக் குழாயால் உள்ளே விட்டாள். இரை இல்லை, வெறும் வாசனை. சின்னவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். கல்லைப் போலக் கிடந்தவை மெல்ல உப்பின. ஓரங்களில் மெல்லிய விரல்கள் முளைத்தன. நடுவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய். அத்தனை வாய்களும் சத்தமே இல்லாமல் திறந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் மூக்கைக் கண்ணாடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

படுக்கை தொட்டிக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில். சோபாவிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று சின்னவள் சொல்லிப் பார்த்தாள்.

"வேணாம். புதுசா வர்றதை எப்பவும் அடியில, நிழல்லதான் வைக்கணும்."

"நான் என்ன பவளமாக்கா?"

அக்கா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். கை சில்லென்று ஈரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. கிளம்பலாம் என்று வாயெடுத்தபோதெல்லாம் "நாளைக்குப் போகலாம்டி" என்றாள் அக்கா. சின்னவளும் பெரிதாக அடம்பிடிக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த இருட்டு இதமாக இருந்தது. வேனின் ஹாரனும் வெயிலும் எங்கோ தூரத்தில் கரைந்துபோயின. போனின் திரை கண்ணைக் குத்துகிறது என்று அதன் வெளிச்சத்தைக் குறைத்தாள், மறுபடியும் குறைத்தாள். விளக்கின் திருகையும் இப்போது அவளே திருப்பினாள். வாண்டு போனில் அழுதபோது மட்டும் மனசு அடித்துக்கொண்டது. "வந்துடறேன்டா கண்ணு" என்றாள். அப்புறம் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் கூடத்தைக் கடக்கும்போது நின்றாள். பவளங்கள் சோபாவைப் பார்க்கவில்லை. எல்லாம் சேர்ந்து பின்பக்கம் திரும்பியிருந்தன. சாமான் அறையைப் பார்த்து. அவள் படுக்கிற இடத்தைப் பார்த்து.

தொட்டிக்குள் கையை விட்டு, பவளம் ஒட்டிய ஒரு கல்லைத் திருப்பி வைத்தாள். முகம் கழுவிவிட்டு வந்து பார்ப்பதற்குள் அதன்மேல் இருந்தவை உடம்பை முறுக்கிக்கொண்டு மறுபடி அறைப் பக்கம் திரும்பிவிட்டன. சின்னவள் தொட்டியைவிட்டு விலகி, சோபாவில் கையை ஊன்றினாள். சொரசொரவென்று ஏதோ உறுத்தியது. மெத்தையில் உப்புப் பூத்திருந்தது, ஒரு மனிதர் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு எவ்வளவு தூரம் படுமோ அவ்வளவு தூரத்துக்கு. இருக்கையிலும். கை வைக்கும் இடத்தில் ஐந்து விரல்களும் தெளிவாக.

"அக்கா, அத்தான் எங்க?"

பெரியவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "இங்கதாண்டி இருந்தார்" என்றாள்.

சின்னவள் பையைக்கூட எடுக்கவில்லை. ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தாள்.

நடுப்பகல். ரோடு. எதிர்வீட்டுச் சுவர். அவ்வளவும் ஒரே வெள்ளை நெருப்பாக முகத்தில் அடித்தது. கண்ணை மூடியும் பயனில்லை, இமைக்குள்ளும் எரிந்தது. புறங்கையில் கொதிக்கும் எண்ணெய் தெறித்தது போல இருந்தது. அலறிக்கொண்டு கதவைச் சாத்தினாள். துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு மறுபடி திறந்தாள். ஒரு கால் படியில் பட்டது. தோல் சுருங்கி இழுத்தது. சாத்திவிட்டுக் கதவிலேயே சரிந்து உட்கார்ந்தாள். கையைப் பார்த்தாள். வெயிலில் கறுத்துப் போயிருந்த வேன்காரியின் கை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ஒரேயடியா வெளிச்சத்துக்குப் போகலாமா?" என்றாள் அக்கா, வருத்தத்தோடுதான். "நீயும்தான திருகைத் திருப்புன?"

இருட்டிய பிறகு போகலாம். அது ஒன்றுதான் வழி. ஆனால் தெருவிலும் விளக்கு இருக்கும், கார் விளக்கு இருக்கும். இருந்தாலும் போயே தீர வேண்டும். முழங்காலைக் கட்டிக்கொண்டு, கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு, பகல் சாய்வதற்காக அவள் காத்திருந்தாள். மகளின் முகத்தை நினைத்துக்கொண்டாள். அது ஒன்று போதும் என்று நினைத்தாள்.

போன் அடித்தது.

"அம்மா! நாங்க வந்துட்டோம்! தெருமுனையில அப்பா வண்டியை நிறுத்திட்டு இருக்கார்!"

சின்னவளுக்கு உயிரே போய்விட்டது. "வராதடா. அப்பாவைத் திரும்பிப் போகச் சொல்லு. வீட்டுக்குள்ள வராத."

"என்னம்மா? ஒண்ணுமே கேக்கலை."

கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். தொண்டையிலிருந்து ஈரமான காற்று மட்டும் வந்தது.

"பெரியம்மாதான் வரச் சொன்னாங்க. நீ எங்களைத் தேடறியாமே? நான் முன்னாடி ஓடி வர்றேன்!"

அழைப்பு நின்றது. சின்னவள் திரும்பிப் பார்த்தாள். யார் போனையும் எடுக்காத பெரியவள் தொட்டிக்குக் கீழே இருந்த மரக்கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டாள்.

மோட்டார் நின்றது.

உறுமல் இல்லை. தண்ணீர் அசையவில்லை. பவளங்கள் அறையை விட்டு மெல்லத் திரும்பின. வாசல் பக்கம். பெரியவளின் முகமும் திரும்பியது. வாசல் பக்கம்.

தாழ்ப்பாள். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் போதும். சின்னவள் எழுந்தாள். கையை உயர்த்தினாள். இரும்பில் விரல் பட்டது.

வெளியே சின்னக் கால்கள் ஓடி வந்தன. படியில் ஏறின. நின்றன.

"அம்மா?"

கதவிடுக்கு வழியாக வாசனை வந்தது. வெயிலில் ஓடிவந்த பிள்ளையின் வியர்வை. சோப்பு. வாயில் ஒதுக்கிய மிட்டாய். அவள் பெற்ற பிள்ளையின் வாசனை.

தாழ்ப்பாளைத் தள்ளு. தள்ளு.

விரல்கள் அசையவில்லை. அவள் தலை கதவைப் பார்த்துச் சாய்ந்தது. அவள் சாய்க்கவில்லை. தானாகச் சாய்ந்தது.

வாயில் எச்சில் ஊறியது.

வெளியே பிள்ளை கைப்பிடியைத் திருகியது. நீல இருட்டில், அக்காவின் வாயும் தொட்டியில் இருந்த அத்தனை வாய்களும் திறந்திருக்க, சின்னவளின் வாயும் சத்தமில்லாமல் மெல்லத் திறந்தது.