ஓரின் பேருக்கு விழுந்த சீட்டு

படங்களில் மான்கள் தண்ணீரைப் பார்க்கவில்லை.

வெர்ன் வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, மேட்டில் கட்டியிருந்த கேமரா எடுத்த படங்களைச் சமையலறை மேசையில் வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினான். முந்தின வாரம்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. காற்றாலை நீர் இறைக்கும் தொட்டியோரம் கவைக்கொம்பு மான்கள் குனிந்து குடித்தன, குட்டிகள் தாயை முட்டின. இந்த வாரம் சாயங்காலப் படங்களில் எல்லாம் அவை தலைநிமிர்ந்து நின்றன. ஒன்றுவிடாமல் ஒரே திசையில், தெற்கே கரும்பாறை விளிம்பைப் பார்த்தபடி. இரை தேடி பூமா ஏதாவது பதுங்கிப் படுத்திருக்கும் என்று முதலில் நினைத்தான். பூமா என்றால் ஓடியிருக்குமே, ஏன் நிற்க வேண்டும் என்று அவனுக்கே பட்டது.

"அந்த மானுங்களையே எத்தனை நேரம்தான் பாப்ப? உன்னைக் கட்டிக்கிட்டது நானா, அதுகளா?" என்றாள் டெல்மா. பீச் பழங்களைப் பாட்டில்களில் அடைத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரைப்பாகின் ஆவி ஜன்னலெல்லாம் படிந்திருந்தது.

"சனிக்கிழமை வேட்டை தொடங்குது. காத்து எந்தப் பக்கம்னு பாக்கணும், வண்டிய எங்க விடறதுன்னு பாக்கணும். சும்மாவா?"

சும்மா இல்லைதான். அந்த மேட்டுக்கு அரசாங்கம் தருவது விரல்விட்டு எண்ணக்கூடிய வேட்டைச் சீட்டுகள், அதுவும் குலுக்கல் போட்டு. குலுக்கலில் விழாத வருடத்துக்கு ஒரு புள்ளி சேரும். புள்ளி சேரச் சேர வாய்ப்பு கூடும். அதற்காக மனிதர்கள் தலை நரைக்கும்வரை காத்திருப்பார்கள். வெர்னுக்குப் பொறுமை கிடையாது. சேர்த்ததையெல்லாம் மூன்று வருடத்துக்கு முன்னால் வேறொரு வேட்டையில் கரைத்துவிட்டான். டெல்மாவின் அண்ணன் ஓரின் கஞ்சன். பணத்தில் எப்படியோ, புள்ளியில் மகா கஞ்சன். புள்ளி கேட்காத சாதாரண வேட்டைகளுக்கு மட்டும் போய்க்கொண்டு, இருபது வருடமாகச் சேர்த்துவைத்திருந்தான். இருவர் கூட்டாக விண்ணப்பித்தால் இருவரின் புள்ளிகளையும் கூட்டிப் பாதியாக்கிக் கணக்கெடுப்பார்கள். "அடுத்த வருஷம் சேந்தே போடுவோம் மச்சான், எம் புள்ளில நீயும் தொத்திக்க" என்று ஓரினே சொன்னதுதான். இந்த வருடம் மார்ச் மாதம் வாசலில் பனி வாரும்போது விழுந்து செத்துப்போனான்.

மே மாதம் வெர்ன் இரண்டு பேரையும் எழுதி அனுப்பினான். செத்தவனின் பேர் என்று கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. அவனுக்கும் இதில் சந்தோஷம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஜூனில் இரண்டு பேருக்கும் சீட்டு விழுந்தது.

டெல்மா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். அண்ணனின் போனை அவள் இன்னும் அணைக்க மனமில்லாமல் வைத்திருந்தாள். அதை மேசைமேல் வைத்தாள்.

"காலைல இதுக்கு ஒரு சேதி வந்துச்சு. ஓரினுக்குச் சனிக்கிழமை வேட்டை தொடங்குதாம். வாழ்த்து வேற சொல்லியிருக்காங்க."

வெர்ன் படங்களை அடுக்கத் தொடங்கினான்.

"செத்தவன் பேரக் குலுக்கல்ல போட்டியா நீ?"

"அத்தனை புள்ளியும் வீணாப் போகுதேன்னு..."

"ஆளே போயிட்டான். புள்ளி போனா என்ன கெட்டுச்சு?"

"எனக்கு அறுபத்தெட்டு ஆகுது டெல்மா. இந்த முழங்காலோட இன்னொரு தடவை அந்த மேடு ஏறுவேனா? எனக்கு இது ஒண்ணுதான் பாக்கி."

அவள் அதற்கு இளகவில்லை.

"எங்கண்ணன் சீட்டு விழுந்து போகாம நின்ன வருஷம் ஏதாவது உண்டா? காய்ச்சலோட போனான். மக கல்யாணத்தன்னிக்குப் போனான். அவன் பேரை வெச்சு இந்த விளையாட்டு வேணாம். நாளைக்கே வேட்டை ஆபீஸ்ல போய் உள்ளதச் சொல்லி ரெண்டு சீட்டையும் குடுத்துட்டு வா."

"சரி."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"சரின்னேன்ல."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆபீஸ் வாசலில் வண்டியை மெதுவாக்கினான், நிறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் தன்னுடைய சீட்டும் போய்விடும். ஒரே ஒரு மான், அப்புறம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளலாம் என்று நினைத்தான். அவளை ஏமாற்றியது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் வண்டி மேட்டுப் பக்கமே போனது.

தார்ச்சாலை முடிந்து, புழுதித் தடமும் முடிந்து, வண்டியை ஜூனிபர் மரத்தடியில் விட்டு இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வேட்டை நாளைக்குத்தான் என்பதால் துப்பாக்கி வண்டியிலேயே இருந்தது. கேமராவைச் சரிபார்த்துவிட்டு, ஒளிந்திருந்து சுடுவதற்காகச் சென்ற மாதம் அடித்துவைத்த மறைவுக் கூடாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது திட்டம். நடக்கும்போது சேஜ் புதர்கள் காலில் உரசி அந்தக் கசப்பான வாசனை எழுந்தது. வெள்ளை உப்புமண் பொருக்குப் பொருக்காக உடைந்தது. தூரத்தில் காற்றாலை எண்ணெய் காணாமல் கிறீச்சிட்டு, நின்று, மறுபடி கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் நின்ற இடைவெளிகளில் அவனுடைய மூச்சு அவனுக்கே பெரிதாகக் கேட்டது.

தொட்டியருகே மான்கள் இருந்தன. அவனைக் கண்டால் அரை மைல் தள்ளியே பறக்க வேண்டிய மிருகங்கள், இரண்டடி விலகி வழிவிட்டன. தலைகள் மட்டும் தெற்கே.

அவனும் பார்த்தான். பாறை விளிம்பில் ஓர் ஆள் நின்றிருந்தான்.

நல்லது, இன்னொரு சீட்டுக்காரன் இடம் பார்க்க வந்திருக்கிறான். வெர்ன் கையை உயர்த்தி ஆட்டினான். அந்த ஆள் பதிலுக்குக் கையாட்டவில்லை. தொப்பியைக் கழற்றித் தலைக்கு நேர்மேலே தூக்கிப் பிடித்தான்.

வெர்னின் கை அந்தரத்தில் நின்றது.

அந்தச் சைகை அவனுக்குத் தெரியும். அவனும் ஓரினும் வேட்டையாடும்போது பேசுவதே கிடையாது. கண் கூர்மையான ஓரின் பாறை மேல் நிற்பான். குறி தவறாத வெர்ன் கீழே கூடாரத்தில் இருப்பான். கூடாரத்திலிருந்து தெரியாததையெல்லாம் ஓரின் மேலேயிருந்து தொப்பியால் சொல்லுவான். நெஞ்சில் வைத்து அழுத்தினால், இப்போது சுடு. தலைக்கு மேல் தூக்கினால், ஒற்றை ஆண் வருகிறது என்று அர்த்தம்.

மான்கள் நடுவே வெர்ன் சுற்றிப் பார்த்தான். எல்லாம் பெட்டைகளும் குட்டிகளும். கொம்புள்ளது ஒன்றுகூட இல்லை.

எவனோ வெயிலுக்கு விசிறிக்கொள்கிறான் என்று சொல்லிக்கொண்டு கேமரா பக்கம் நடந்தான். விளிம்பில் தொப்பி இடக்கைக்கு மாறி மெதுவாக நகர்ந்தது. இடப்பக்கம் போகிறது என்று அர்த்தம். அவன் நின்றான். தொப்பியும் நின்றது. தொட்டி விளிம்பைப் பிடித்துக் குனிந்தான். தொப்பி கீழே தாழ்ந்தது. தலை குனிந்திருக்கிறது, அவசரமில்லை.

தொட்டித் தண்ணீரில் பச்சைப் பாசி நாறியது.

சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஏன் தோன்றியதோ தெரியாது. முழங்கால் வலிக்க வலிக்க மண்ணில் உட்கார்ந்தான். மேலே அந்த உருவம் தொப்பியை முழங்காலில் வைத்தது.

படுத்துவிட்டது.

"ஓரின்!" என்று கத்தினான். குரல் எங்கும் மோதாமல் பரந்த வெளியில் கரைந்தது. "மச்சான், தப்புதான். நாளைக்கே குடுத்துடறேன். சத்தியமா குடுத்துடறேன்."

தொப்பி அசைந்தது. சத்தம் போடுகிறது. நிதானம்.

அந்தச் சொல் அவனுக்கு வந்ததல்ல. அவன் கெஞ்சியது எதுவும் அங்கே சொல்லாக எட்டவில்லை. விளிம்பில் நிற்பவன் அவனைப் பார்த்துப் பேசவில்லை. அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

கூடாரத்தில் இருப்பவனிடம்.

வெர்ன் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தான். புதர்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில், அவன் அடித்தது அடித்தபடி, முளைக்குச்சிகள்கூடப் பெயராமல். உள்ளே அவனுடைய மடக்கு நாற்காலி. அவனுடைய இடம். ஓரினுக்கு இத்தனை வருடமும் அவன் ஒருவன்தான் கூட்டாளி. அவன் இங்கே வெளியே இருக்கிறான். அப்படியானால் உள்ளே யார்?

வண்டி வெகுதூரத்தில் இருந்தது. எழுந்தான். முழங்கால் மடங்கியது. மறுபடி எழுந்து ஓடினான். ஓட்டம் என்று சொல்ல முடியாது, நொண்டல். மான்கள் சிதறவில்லை. பக்கத்துக்கு ஒன்றாக ஒதுங்கி அவனுக்கும் கூடாரத்துக்கும் நடுவே வழியைக் காலியாக்கின.

காற்றாலை நின்றது.

ஜிப் திறக்கும் சத்தம். உள்ளேயிருந்து. மெதுவாக, பழகிய கை திறப்பதுபோல, விலங்கு மிரளக் கூடாது என்ற கவனத்தோடு. கூடாரத்தின் சிறிய ஜன்னல் கீழிறங்கியது. கறுப்பாக ஒரு கட்டம். அதற்குள் எதுவோ மூச்சுவிட்டுத் தோளைச் சரிசெய்துகொண்டது.

வெர்னால் நகர முடியவில்லை. அசையாமல் நின்றால் தெரியாது என்று பட்டது. மான்கள் நினைப்பதும் அதுதான்.

தெற்கே, கடைசி வெயிலில், ஓரின் தொப்பியை நெஞ்சில் வைத்து அழுத்தினான்.

சுற்றிலும் இருந்த மான்கள் எல்லாம் இப்போது பாறையை விட்டுவிட்டு வெர்னைப் பார்த்தன.