பதினாறாம் படி

வலது காலை வைத்து ஏறத் தொடங்கிய ஆலஸ் வொலூசியஸ், ஜூப்பிடர் கோயிலின் முகமண்டபத்தில் இடது காலை ஊன்றி நின்றார்.

அப்படி நடக்க வழியில்லை. முதல் படியில் பட்ட வலது கால்தான் மேல்தளத்திலும் முதலில் படவேண்டும். கோயிலுக்கு ஒற்றைப்படையில் படி வைப்பது அதற்காகவே. இதற்குப் பதினைந்து. பாட்டன் கட்டியது, நெருப்பில் விழுந்தது, இப்போது ஆலஸே மீண்டும் எழுப்பியது. இறங்கி, ஏறி, மறுபடி மறுபடி எண்ணினார்.

பதினாறு.

"என்னப்பா, நாலு தரம் ஏறி இறங்கிட்டீங்க? நாளைக்குத் திறப்புச் சடங்குக்குக் கொஞ்சம் மூச்சு மிச்சம் வைங்க," என்று கீழிருந்து சிரித்தான் மகன் நுமேரியஸ்.

"வாயை மூடிட்டு எண்ணுடா."

எண்ணினான். சிரிப்பு நின்றது. "பதினாறா? தலைமைப் பூசாரி பார்த்தா, வாசல்ல வெட்டின நம்ம பேரைச் சுரண்டி எடுத்துடுவாரே! இருங்க, கொத்தனைக் கூட்டிட்டு வரேன்."

அவன் காலடி ஓசை தேய்ந்ததும், அந்தி வெளிச்சம் தூண்களின் நிழல்களை ஒவ்வொன்றாகப் படிகள்மேல் கிடத்த, பலிபீடத்துப் புகைவாடைக்கு அடியிலிருந்து, மூன்று மாதத்துக்கு முன்பே காய்ந்துவிட்ட ஈரச் சுண்ணாம்பின் வாடை மெல்ல எழுந்தது.

அன்று அடித்தளக் குழியில் கல் சரிந்து, அடிமைக் கொத்தன் தாமாவின்மேல் விழுந்தது. அவனுக்கு உயிர் இருந்தது, உளியால் தட்டிக்கொண்டிருந்தான். குழியில் சாவு விழுந்தது வெளியே தெரிந்தால் இடம் தீட்டு. கோயிலைத் திறக்கும் உரிமை வேறு குடும்பத்துக்குப் போய்விடும். "சுண்ணாம்பைக் கொட்டுங்கடா," என்றார் ஆலஸ். கொட்டினார்கள். அதன் பிறகும் வெகுநேரம் தட்டல் கேட்டது.

டக். டக்.

இப்போதும் கேட்டது, கீழ்ப்படியிலிருந்து. குனிந்து தொட்டார். மற்றக் கற்கள் சில்லென்றிருந்தன. இது வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கைக்கு அடியில் மேலே எழுந்தது. தாழ்ந்தது.

"எஜமான்." பணிவான குரல். தாமா எப்போதும் பணிவுதான். "இன்னும் ஒண்ணு போட்டா கணக்கு சரியாயிடும். உங்க பேரும் நிக்கும்."

கையை இழுத்தார். வரவில்லை. முழங்கால் மடிந்தது. சுண்ணாம்பு. கழுத்துவரை. வாய்க்குள்.

தீப்பந்த வெளிச்சத்தோடு நுமேரியஸ் கொத்தனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தான். "அப்பா?" எண்ணும் குரல் மேலே கேட்டது. "பதினேழு! அட, ஒற்றைப்படைதான்யா. நான்தான் தப்பா எண்ணிட்டேன் போல. இந்த மனுஷன் எங்க போனாரு?"

ஆலஸ் கல்லுக்குள்ளிருந்து தட்டினார். விரல் எலும்பால் தட்டினார்.

டக். டக்.

அவர் முதுகின்மேல் மகனின் வலது கால் பதிந்தது.