இடிக்கடவுளின் உடைந்த கை

பொழுது சாய்வதற்குள் தன் கணவனின் வலது கையை வெட்டப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேதான் குபாபியா உள்ளே வந்தாள். கோட்டை வாசலில் வழக்கு கேட்கும் பனூனி அப்போது வாற்கோதுமை ரொட்டியைப் பிட்டு எண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தார். ரொட்டியைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவியின் தம்பி மூவா அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டான்.

"உட்காரும்மா. முதல்ல இருந்து சொல்லு."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். அவள் கணவன் ஹூலி கல் செதுக்குபவன். அரசரின் ஆணைப்படி இடிக்கடவுள் தர்ஹுன்சாவைக் கருங்கல்லில் செதுக்கி, லாபர்னாவின் திராட்சைத் தோட்டத்தில் நட்டிருந்தான். காளையின் முதுகில் நிற்கும் கடவுள். ஓங்கிய வலக்கையில் கோடரி, நீட்டிய இடக்கையில் மூன்று முனை மின்னல். இன்று காலை அரசர் அதன் முன் மது வார்ப்பதாக இருந்தது. நேற்று இரவு மழையில்லாமல் இடி மட்டும் உறுமியது. விடிந்து பார்த்தால் கல்லெல்லாம் கரி. மின்னல் ஏந்திய கை முழங்கையோடு உடைந்து கீழே கிடந்தது.

"கடவுளே தன் சிலைய இடியால அடிச்சிட்டாராம். தீட்டோட செதுக்கினாத்தான் அப்படி நடக்குமாம். செதுக்கின கையக் கடவுளுக்குக் கொடுக்கணும்னு பூசாரி சொல்றாருங்க. என் வீட்டுக்காரர் சத்தியமா சுத்தமாத்தான் இருந்தாரு. வேலை முடியிற வரைக்கும் என்னையே கிட்ட விடல."

மூவா சிரிப்பை ரொட்டியால் அடைத்துக்கொண்டான்.

உடைந்ததை முதலில் பார்த்தது யார் என்று பனூனி கேட்டார். தோட்டக்காரர் லாபர்னாதான்; பார்த்ததும் பூசாரியிடம் ஓடியிருக்கிறார். பூசாரி போய்ச் சேர்வதற்குள் வர்பா என்னும் சிற்பி உடைந்த கையைத் துணியில் சுற்றி, கண்ணீரோடு கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டானாம். இதே வேலைக்கு ஹூலியோடு போட்டியிட்டுத் தோற்றவன் அவன். போட்டிக்காரனாக இருந்தும் எவ்வளவு நல்ல மனசு என்று ஊரே பேசுகிறது என்றாள்.

தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் மூவாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதலில் லாபர்னாவைக் குற்றவாளி ஆக்கினான். நல்ல மண்ணில் கல்லை நட்டுவிட்டார்கள் என்ற கடுப்பு அவருக்கு இருக்காதா? பிறகு பூசாரி சஸ்துராவைப் பிடித்துக்கொண்டான். இடி விழுந்த நிலம் கோயிலுக்குத்தானே போகும்? பனூனி இரண்டையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எதையும் மறுக்கவில்லை. அது மூவாவுக்கு மறுப்பதைவிட எரிச்சலாக இருந்தது.

கல்லைச் சுற்றி நல்ல தூரம் விட்டுச் சிவப்புக் கம்பளிக் கயிறு கட்டியிருந்தது. பூசாரி வெளியே நின்றபடி வாற்கோதுமையை உள்ளே இறைத்துக்கொண்டிருந்தார். இடி விழுந்த நொடியிலிருந்து, சாயங்காலம் காளை பலியாகி அதன் ரத்தம் தெளிக்கப்படும் வரை அந்த மண் கடவுளின் வீடு. அதில் கால் வைத்தவனின் உயிர் கடவுளுக்குச் சொந்தம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கூடக் கயிற்றுக்குப் பத்தடி தள்ளித்தான் நின்றார்கள்.

லாபர்னாவின் வெள்ளாடு மட்டும் உள்ளே புகுந்து கொடியைத் தின்றுகொண்டிருந்தது. அவர் வெளியே நின்று அதைத் தங்கமே, ராசாத்தி என்றெல்லாம் அழைத்துப் பார்த்தார். போய் இழுத்து வர வேண்டியதுதானே என்றான் மூவா.

"நீ போய்ப் புடிச்சிட்டு வாயேன். கறியில பாதி உனக்கு."

மூவா இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

பனூனி கயிற்றுக்கு வெளியிலேயே ஒரு சுற்று நடந்து வந்தார். பிறகு மூவாவின் தோளைப் பிடித்துக் கல்லின் பக்கம் திருப்பினார்.

"மாப்ள, கல்லுக்குப் பக்கத்துல இருக்கிற கொடியப் பாரு. என்ன தெரியுது?"

மூவா கண்ணைச் சுருக்கினான். கொடியின் கீழ் இலைகள் கருகிச் சுருண்டிருந்தன. உச்சிக் கொழுந்து பச்சைப்பசேல் என்று இருந்தது. "மச்சான், இடி மேல இருந்துதானே வரும்?" என்றான். குரல் ஏறிவிட்டது.

"மெதுவா. கல்லுக்கு அடியில மண்ணு?"

"ஈரமா இருக்கு. நேத்து ஒரு சொட்டு மழையில்லையே." ஒரு கணம் விழித்தவன் தொடையில் தட்டிக்கொண்டான். மலையில் பாறை பிளப்பவர்கள் செய்வது அதுதான். கல்லின்மேல் தீ மூட்டி, நன்றாகக் காய்ந்ததும் தண்ணீரைக் கொட்டினால் கல் வெடித்துவிடும். அப்படியே பூசாரியிடம் ஓடப் பார்த்தவனைப் பனூனி இடுப்புக் கச்சையைப் பிடித்து நிறுத்தினார்.

இது போதாது என்றார். கடவுளின் நெருப்பு கீழிருந்தும் எரியும் என்று பூசாரி சொல்லிவிடுவார். அல்லது ஹூலியே மூட்டினான் என்பார்கள். தீ வைத்தவன் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அவன் யார் என்று தெரியுமா என்று மூவா கேட்டான். காலையில் ரொட்டி தின்னும்போதே சந்தேகம் வந்துவிட்டது என்றார் பனூனி; பெயரை மட்டும் சொல்லவில்லை. நாள் முழுக்க மூவா அதைப் பொறுக்க மாட்டாமல் அலைந்தான்.

மாலை வெயில் மலைமேல் ஏறியபோது எல்லோரும் கயிற்றைச் சுற்றி நின்றார்கள். ஹூலியை முதுகுக்குப் பின்னால் கை கட்டிக் கொண்டுவந்தார்கள். மரக்கட்டை ஒன்று போட்டிருந்தது. கோடரிக்காரன் அதன்மேல் உட்கார்ந்திருந்தான். குபாபியா அழக்கூட மறந்து பனூனியின் முகத்தையே பார்த்தாள். பனூனி கேட்டுக்கொண்டபடி, துணி சுற்றிய உடைந்த கையையும் கோயிலிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள்.

அவர் லாபர்னாவிடம் தொடங்கினார். விடிகாலையில் அந்தக் கை எங்கே கிடந்தது என்று கேட்டார். காளையின் முன்னங்கால் பக்கம் என்றார் லாபர்னா. தொட்டீர்களா என்றதற்கு, எனக்கென்ன பைத்தியமா என்றார். உள்ளே போக யாருக்காவது அனுமதி கொடுத்தீர்களா என்று பூசாரியைக் கேட்டார். எனக்கே அனுமதி கிடையாது என்று சொல்லவந்த பூசாரி பாதியில் நிறுத்தி, மெல்லத் தலையைத் திருப்பினார்.

பனூனி வர்பாவைப் பார்த்தார். "எடுத்துட்டு வந்தது நீதானே?"

கடவுளின் கை மண்ணில் கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை என்றான் வர்பா.

"பயமா இல்லையா?"

"பக்தி இருக்கிறவனுக்கு என்னங்கய்யா பயம்?"

"சரி. அப்ப இந்த மண்ணுல இடி விழுந்திருக்கு. காளை ரத்தம் தெளிக்கல. நீ உள்ள கால வச்சிருக்க. பூசாரி ஐயா, அதுக்கு என்ன தண்டனை?"

பூசாரி கயிற்றைப் பார்த்தார். "உயிர்," என்றார்.

வர்பாவின் இரு பக்கமும் நின்றவர்கள் விலகினார்கள். அவனைச் சுற்றிக் கயிறில்லாமலே ஒரு வட்டம் விழுந்தது. கோடரிக்காரன் எழுந்து நின்றான்.

"இன்னொரு வழியும் இருக்கு," என்றார் பனூனி, அதே குரலில். "இங்க இடியே விழலன்னு உனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, நீ மிதிச்சது வெறும் மண்ணு. உயிர் தப்பும். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

வர்பா பூசாரியைப் பார்த்தான், கோடரியைப் பார்த்தான்.

"இடி விழல," என்றான்.

பனூனி துணியைப் பிரிக்கச் சொன்னார். கை உடைந்த பரப்பு வெங்காயச் சருகு போலத் தகடு தகடாக உரிந்திருந்தது. அதைப் பார்த்த அந்த நொடியில், கை கட்டப்பட்டிருந்த ஹூலி, "தீயில வெந்த கல்லுங்க இது," என்றான். இதற்குத்தான் வர்பா பயந்தான் என்று பனூனி விளக்கினார். உடைந்த இடம் கல் வேலை தெரிந்த கண்ணில் படக்கூடாது. கோயிலில் துணி சுற்றி வைத்துவிட்டால் யாரும் பிரிக்கமாட்டார்கள். ஊரில் அத்தனை பேரும் நடுங்கிய இடத்துக்குள் ஒருவன் நடந்துபோய் வந்திருக்கிறான் என்றால், அவனுக்கு அங்கே நடுங்க ஒன்றும் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். "கண்ணீரப் பாத்தீங்க எல்லாரும். கால யாரும் பாக்கல."

வர்பாவை அரசரிடம் இழுத்துப்போனார்கள். கூட்டம் கத்திக்கொண்டே பின்னால் ஓடியது. மூவா எல்லோருக்கும் முன்னால் ஓடினான், தானே கண்டுபிடித்ததைப் போலச் சொல்லிக்கொண்டு.

ஹூலியின் கட்டை அவிழ்த்தபோது வலது கை தூக்க வராமல் தொங்கியது. குபாபியா மண்ணில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை அழுத்தித் தேய்த்தாள்.

"உணர்வு வருதா?"

"வருது. எறும்பு புடுங்கற மாதிரி இருக்கு."

"நல்லாப் புடுங்கட்டும்," என்று சொல்லி அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.